அர்த்தனாரி மறுபடியும் கேட்டான்

வாரத்தில் ஐந்து நாள் நான் பஞ்சர் ஒட்டுகிறவன். செவ்வாயும் வெள்ளியும் பூசாரி. மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டிருக்கிறதே, அது என் கடை. பின்னால் மேட்டில் இருக்கிற மாரியாயி கோயில் என் அப்பா எனக்கு விட்டுப்போனது. இரண்டையும் சேர்த்து என்னைப் 'பஞ்சர் பூசாரி' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. என் காதுபடச் சொன்னவன் வண்டிக்கு நான் காற்று அடிப்பதில்லை. சேந்தமங்கலம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போகட்டும்.

கோபக்காரன் என்று எனக்கு ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். எழுபது வளைவு ஏறி, ஸ்டெப்னி இல்லாத காரில் வந்து நின்று, "சீக்கிரம்ண்ணா, அருவி பாக்கணும்" என்கிற ஆட்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனுக்குக் கோபம் வராமல் பாட்டா வரும்? ஆனால் இங்கே சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அர்த்தனாரியைப் பற்றி.

அர்த்தனாரி என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, மேட்டுக்காட்டில் சாமை. ஆள் நெட்டையாக, ஒல்லியாக, எப்போதும் எதையோ யோசிக்கிறவன் போல இருப்பான். உண்மையில் யோசிக்கத்தான் செய்வான். முடிவுதான் எடுக்க மாட்டான். டீக்கடையில் "டீயா, காப்பியா?" என்று கேட்டால், "பாக்கலாமுங்க" என்பான். அதற்குள் பால் தீர்ந்துவிடும். கடைக்காரர் கடுங்காப்பியைக் கொடுப்பார். அதையும் நன்றாக இருக்கிறதென்று குடித்துவிட்டுப் போவான்.

பெரிய காரியம் என்றால் நேராக என் கோயிலுக்கு வந்துவிடுவான், பூ கேட்பதற்கு. எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, ஆத்தாளின் காலடியில் குலுக்கிப் போடுவேன். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம் என்பது என் அப்பா காலத்திலிருந்து கோயில் வழக்கம். எடுத்த பூவுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

அர்த்தனாரி அந்த வழக்கத்துக்கென்றே பிறந்தவன். வண்டி வாங்கலாமா என்று கேட்டான், சிவப்பு வந்தது. இன்றுவரை மிளகு மூட்டையோடு பஸ்ஸில்தான் போகிறான். ஒரு மாட்டை வாங்கலாமா என்று கேட்டான், வெள்ளை வந்தது. அந்த மாடு பால் கறக்க உட்காருகிற எல்லோரையும் உதைத்தது. வைத்தியம் பார்க்க வந்த டாக்டரை இரண்டு தடவை உதைத்தது. விற்றுவிடு என்று ஊரே சொல்லியும் கேட்கவில்லை. "ஆத்தா குடுத்ததுங்க" என்று சொல்லி, அது கிழமாகிச் சாகும்வரை உதை வாங்கிக்கொண்டே தீனி போட்டான். கல்யாணமும் அப்படித்தான். திருப்புலி நாட்டில் ஒரு பெண் பார்த்தார்கள், சிவப்பு. அடுத்துப் பார்த்தது பாப்பாத்தி, வெள்ளை. இன்றைக்கும் வீட்டில் சண்டை என்றால் பாப்பாத்தி, "நானென்ன நீங்க தேடிப் புடிச்சவளா? ஆத்தா எடுத்துக் குடுத்தவ" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது.

இவர்களுக்கு ஒரே மகள், பூங்குழலி. எங்கள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. அப்பனுக்கு நேர்மாறு. கேட்ட கேள்விக்கு வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள்தான் முதல். என்னை 'மாமா' என்று கூப்பிடுவாள், நான் கணக்கில் தப்புப் பண்ணினால் அதே வாயால் திருத்துவாள். அப்போது எனக்குக் கோபம் வரும். ஆனால் அவளிடம் காட்ட மனசு வராது.

போன ஆவணியில் கலைச்செல்வி டீச்சர் ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் கணக்கு டீச்சர். செம்மேட்டில் குடியிருந்துகொண்டு ஸ்கூட்டியில் வந்துபோகிறவர். சென்னையில் ஒரு பெரிய கல்லூரி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிள்ளைகள் கல்லூரிப் பாடத்தில் சிலவற்றை இணையத்தில் படிக்கலாம் என்று அறிவித்திருக்கிறதாம். சனி, ஞாயிறு சாயங்காலம் வகுப்பு. பரீட்சைக்கு மட்டும் நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். தேறிவிட்டால் பிறகு கல்லூரிக்குப் போகும்போது அந்தப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். எங்கள் பள்ளியிலிருந்து பூங்குழலியைச் சேர்க்க வேண்டுமென்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றார்.

சேருவதற்கு முன்னால் இரண்டு வாரம் மாதிரி வகுப்பு. அதை அந்தப் பிள்ளை என் கடையில் உட்கார்ந்துதான் படித்தது. ஏனென்றால் இந்த ஊரில் போனில் இணையம் ஒழுங்காக வருகிற இடம் என் கடை ஒன்றுதான், அதுவும் பழைய லாரி டயர்கள் அடுக்கியிருக்கிற மூலையில். அவள் டயர் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். நான் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே காதைக் கொடுத்தேன். போனுக்குள் ஒரு பேராசிரியர், ஒரு பையில் சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் போட்டுக் கையை விட்டு எடுத்தால் எது வரும் என்று இங்கிலீஷும் தமிழுமாக ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்கண்ணு, இதத்தான நாங்க கோயில்ல செய்யறோம்? பந்துக்குப் பதிலாப் பூவு. இதுக்கு ஒரு காலேஜா?"

"மாமா, சத்தம் போடாதீங்க. அவரு அடுத்ததுக்குப் போயிட்டாரு" என்றாள்.

அடுத்ததற்குப் போனவர் திரும்பவே இல்லை. கரும்பலகை நிறைய எழுத்தாக எழுதினார். இரண்டாவது வாரக் கடைசியில் போனிலேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். முடிந்ததும் மார்க் வந்திருக்கும் போலிருக்கிறது. பிள்ளை போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "எத்தன கண்ணு?" என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். அப்போது பஸ் எதுவும் வரவில்லை.

சேருவதா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். டீச்சர் அர்த்தனாரியின் வீட்டுக்கே போய்க் கேட்டார். அவன் வழக்கம்போல, "வெள்ளிக்கெழம ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டான். அத்தோடு எனக்குச் சனியன் பிடித்தது.

புதன்கிழமை காலையில் பாப்பாத்தி வந்தாள். கூடை நிறைய மரவள்ளிக் கிழங்கு. இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வெச்சுக் கட்டிருங்க."

"என்ன பேச்சுப் பேசறே பாப்பாத்தி? ஆத்தா முன்னாடி களவாணித்தனமா?"

"களவாணித்தனம் என்னங்கண்ணா இதுல? புள்ளைக்குப் பதினொண்ணாவது பாடமே சொமையாக் கெடக்குது. அது தலையில காலேஜ் பாடத்தையும் தூக்கி வெச்சா என்னத்துக்காகும்? சில்வர் மரத்த நட்ட வருசமே மொளகுக் கொடிய ஏத்தி உட்டா மரம் என்ன பண்ணும்? ஒடிஞ்சு போவும். மொதல்ல மரம் பெருக்கட்டுமுங்க. அப்பறம் ஏத்திக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. கோயில் காரியத்தில் தலையிடாதே என்று கத்தி அனுப்பினேன். கிழங்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது நல்ல கிழங்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

மத்தியானம் கலைச்செல்வி டீச்சர் ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க வந்தார். காலையில்தான் அடித்துக்கொண்டு போயிருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம்.

"பூசாரிங்க, நான் சயின்ஸ் படிச்சவ. பூ எடுத்துப் படிப்ப முடிவு பண்றது எனக்குச் சரியாப் படல."

"சரியாப் படலீன்னா விட்ருங்க டீச்சர்."

"விட முடியாதுங்க. அவரு கேட்டே தீருவேன்றாரு. அதனால..." டீச்சர் குரலை இறக்கினார். "ரெண்டுலயும் வெள்ளைய வெச்சா என்னங்க?"

சயின்ஸ் எங்கே போயிற்று என்று கேட்டேன். டீச்சர் முகம் சிவந்து, காற்றே அடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பூங்குழலி வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். இந்தப் பிள்ளை வெள்ளையைத்தான் கேட்கப் போகிறது, என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாளைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வெச்சிருங்க."

என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. "நீயா கண்ணு? உனக்குப் படிக்க இஷ்டமில்லியா?"

"அப்பாகிட்டச் சொல்லாதீங்க மாமா" என்றாள்.  கண் கலங்கியிருந்தது. நான் வலியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், அதட்டவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை.

ஆக ஆத்தாளுக்கு மூன்று சிபாரிசு வந்துவிட்டது. வராதவன் அர்த்தனாரி மட்டும்தான். அவன் ஆத்தா என்ன சொன்னாலும் தலையாட்டப் போகிறவன், அவனுக்கு எதற்குச் சிபாரிசு என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்தது தப்பு என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகவே கட்டினேன். யார் கிழங்கு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் என் கோயிலில் அதுதான். அர்த்தனாரி துவைத்த வேட்டியோடு வந்தான். பாப்பாத்தி, பூங்குழலி, டீச்சர். பூ எடுப்பதற்குப் பக்கத்து வீட்டு நான்கு வயசுப் பெண்குழந்தை தன்ஷிகா. என் தலைமுறையில் யாரும் கேட்டிராத பெயர். ஆனால் பூ எடுப்பதற்குப் பெயரா முக்கியம்.

அர்த்தனாரி கையைக் குவித்தான். "ஆத்தா, எம் புள்ள காலேஜ் பாடத்த இப்பவே படிக்கலாமா? படிக்கலாமுன்னா வெள்ளையக் குடு. வேண்டாமுன்னா செவப்பக் குடு."

பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டேன். தன்ஷிகா ஒன்றை எடுத்தாள். பிரித்தேன். சிவப்பு.

பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். பூங்குழலியும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். டீச்சர் முகம் செத்துப்போயிற்று. நான் எந்தப் பாவமும் அறியாதவன் என்று அங்கே கத்தவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு திருநீற்றுத் தட்டை நீட்டினேன். அர்த்தனாரி எடுக்கவில்லை. சிவப்புப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூசாரி, நான் கேட்டது சரியில்லீங்க."

"எது சரியில்ல?"

"காலேஜ் பாடமுன்னு மொட்டையாச் சொல்லிப்போட்டனுங்க. புள்ள ஊட்ட உட்டு, நாமக்கல்லுல போயித் தங்கிப் படிக்குதுன்னு ஆத்தா நெனச்சிருப்பா. இது போன்ல படிக்கறது. அத நான் சொல்லவே இல்லீங்களே."

"ஆத்தாளுக்குத் தெரியாதது என்ன இருக்குது? ஒரு காரியத்துக்கு ஒரு தடவதான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆனா இது வேற கேள்விங்க" என்றான் அர்த்தனாரி. டீயா காப்பியா என்று சொல்லத் தெரியாதவன், என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

நான் திகைத்துப் போனதில் பொட்டலத்தை மறுபடி கட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அவன் இந்த முறை ஆத்தாளுக்கு விளக்கமாகச் சொன்னான். போன், சனி ஞாயிறு சாயங்காலம், பூசாரி கடையில் லாரி டயர் மேல் உட்கார்ந்து, பரீட்சைக்கு மட்டும் மலையிறங்குவது, பஸ்ஸில் துணைக்குத் தானே போவது எல்லாம் சொன்னான். தன்ஷிகா எடுத்தாள். சிவப்பு.

"போதுமுங்க, வாங்க" என்று பாப்பாத்தி அவன் கையைப் பிடித்தாள். அவன் அசையவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். அவன் யோசித்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடிவோடு முடிந்த யோசனையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆத்தாளுக்கு இன்னைக்குச் செவப்புலதான் மனசு இருக்குதுங்க பூசாரி. அவ மனசு கோணாம நாமதான் கேக்கோணும். இன்னும் ஒருக்கா."

"அர்த்தனாரி! நீ கோயிலுக்கு வந்திருக்கறயா, சந்தைக்கு வந்திருக்கறயா?"

அதற்குள் தன்ஷிகா மிட்டாய் தந்தால்தான் இன்னொரு தடவை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் ஓடிப்போய்க் கைப்பையைத் துழாவி ஒரு சாக்லேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து என் கோயிலை என்னவோ ஆக்கிவிட்டார்கள். நானும் மூன்றாவது தடவையாகப் பொட்டலத்தைக் கட்டினேன். அர்த்தனாரி கண்ணை மூடினான்.

"ஆத்தா, இந்தப் பாடத்தப் படிச்சா எம் புள்ளைக்கு ஏதாச்சும் கெடுதல் வருமா? வருமுன்னா வெள்ளையக் குடு. வராதுன்னா செவப்பக் குடு."

சிவப்பு வந்தது.

"பாத்தீங்களா!" என்று அர்த்தனாரி துள்ளினான். அவன் துள்ளி நான் பார்த்ததே இல்லை. டீச்சர் கைதட்டிவிட்டு, மூன்று தடவையும் ஒரே நிறம் வருவதற்கு எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பாப்பாத்திக்குத் தாங்கவில்லை. "ஏனுங்கண்ணா, நாஞ் சொன்னேன்னு ரெண்டுலயும் செவப்ப வெச்சுக் கட்டிப்போட்டீங்க. இப்பப் பாருங்க, இவரு கேள்வியவே திருப்பிப்போட்டாரு!"

"அம்மா! நீயுமா மாமாகிட்டச் சொன்னே?" என்றாள் பூங்குழலி.

 தன்ஷிகா சாக்லேட் தாளைப் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எடுக்காமல் கிடந்த பொட்டலத்தை எடுத்து, நாரைப் பிய்த்து, எல்லோர் முகத்துக்கு நேராகவும் விரித்துக் காட்டினேன். வெள்ளை அரளி. தாயும் மகளும் அதைப் பார்த்து ஒரே மாதிரி வாயைப் பிளந்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அர்த்தனாரி பூவைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தான்.

"நீயும் செவப்பக் கேட்டியா கண்ணு?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.  "மாதிரிப் பரீட்சையில அம்பதுக்கு ஒம்பதுப்பா. பாதிக் கேள்வி எனக்குப் புரியவே இல்ல. மத்த பசங்கெல்லாம் டக்டக்குனு பதில் போடறாங்க. இங்க எல்லாரும் என்னப் பஸ்ட்டு பஸ்ட்டுன்னு சொல்றாங்க. அங்க நான்தாம்ப்பா கடைசி. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

டீச்சருக்கும் இது புதிது. ஒன்பது மார்க்கை அந்தப் பிள்ளை அவரிடமும் சொல்லவில்லை. பாப்பாத்தி, "நான் சொன்னேனில்ல, மரம் ஒடியுமுன்னு" என்று வாயெடுத்தவள், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் மகளின் கண்ணைத் துடைத்தாள்.

"கடைசியாப் போனா என்ன கண்ணு?" என்றான் அர்த்தனாரி. "நானெல்லாம் மூட்டையோட பஸ்ல எப்பவும் கடைசி சீட்டுத்தான். வளைவுல கொஞ்சம் தூக்கிப் போடும். ரெண்டு பேரு வாந்தி எடுப்பாங்க. ஆனா முன்னாடி சீட்டுக்காரன் எறங்கற அதே சேந்தமங்கலத்துலதான் நானும் எறங்கறேன்."

பிள்ளை அழுகையினூடே சிரித்துவிட்டது. அவன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"ஆத்தாகிட்டக் கேட்டாச்சு. இப்ப உங்கிட்டக் கேக்கறேன். படிக்கறியா?"

"வேண்டாம்ப்பா."

"செரி" என்றான். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டான். வெளியே வந்து மரத்தடியில் ஒரு செருப்பை மாட்டினான். அடுத்த செருப்பை மாட்டாமல் திரும்பினான்.

"படிக்கறியா கண்ணு?"

"அப்பா! இப்பத்தான வேண்டாமுன்னேன்?"

"செரி, செரி. கோவிச்சுக்காத." மற்ற செருப்பையும் மாட்டினான். நாலு அடி நடந்தான். நாங்கள் எல்லோரும் அவன் பின்னாலேயே நடந்தோம்.  வழி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் பாப்பாத்தி முந்திக்கொண்டாள்.

"அட, கேக்கறதக் கேட்டுத் தொலைங்க. எனக்கு அடுப்பு வேல கெடக்குது."

"படிக்கறியா சாமி?"

பூங்குழலி அப்பனை ரொம்ப நேரம் பார்த்தாள். "பெயிலாப் போனா?"

"போனாப் போவுது. மறுக்கா எழுது."

"மறுக்காவும் போனா?"

"எனக்கென்ன கண்ணு தெரியும்? அப்பவும் மறுக்கா எழுதுன்னுதான் சொல்லுவேன். வேற எனக்குச் சொல்லத் தெரியாது."

"செரிப்பா" என்றாள். "படிக்கறேன்."

டீச்சர் அங்கேயே போனை எடுத்துவிட்டார். கோயில் மேட்டில் இணையம் வராது என்று சொல்லி எல்லோரையும் என் கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். பூங்குழலி டயர் மேல் உட்கார்ந்து தன் பெயரைத் தானே பதிந்தாள். பாப்பாத்தி பக்கத்தில் நின்று, ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் போனைத் தொடக்கூடாது, தலைவலி என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அதெல்லாம் முடிந்து பெண்கள் மூவரும் தன்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அர்த்தனாரி மட்டும் கடை வாசலில் நின்றான். இதற்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

"ஏப்பா, வண்டி வேண்டாமுன்னு ஒரு பூ விழுந்துச்சு. இத்தன வருசமா மூட்டையோட பஸ்ல போறே. அந்த மாடு ஒதைக்க ஒதைக்கக் கட்டியழுதே. ஒரு நாளு வாயத் தொறந்து எதிர்த்து ஒரு பேச்சுக் கேட்டதில்ல. இன்னைக்கு என் கோயில்ல வந்து, ஆத்தாகிட்டயே மல்லுக்கட்டிட்டு நிக்கறியே, உனக்கு என்ன வந்துச்சு?"

அவன் காற்றடிக்கிற குழாயை எடுத்துச் சுற்றி வைத்தான். அது ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

"நான் பத்தாவது பாஸ் பண்ணுனப்ப நீங்க சேந்தமங்கலத்துல மெக்கானிக் வேல பழகிட்டிருந்தீங்க. உங்களுக்குத் தெரியாது. என்னயக் கீழ ஹாஸ்டல்ல சேத்து, பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெக்கலாமான்னு எங்கய்யன் இதே கோயில்ல பூ கேட்டாரு. உங்கய்யன்தான் பொட்டலம் கட்டுனாரு. செவப்பு உழுந்துச்சு."

"ம்."

"நான் பக்கத்துலதான் நின்னேன். இன்னொருக்கா கேளுங்கய்யான்னு சொல்லோணுமாட்ட இருந்துச்சு. வாய் வருல. எங்கய்யனும் எம் மொகத்தப் பாத்தாரு. கேப்பாருன்னு நெனச்சேன்." குழாயைக் கீழே வைத்தான். "அவரு ஒருக்காத்தானுங்க கேட்டாரு."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராதபோது கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. சும்மா ஒரு நல்ல ட்யூபை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தாள் மேல் குறை சொல்ல மாட்டேன். என் அப்பா மேலும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பையன் அங்கே நின்றுகொண்டு அப்பன் முகத்தைப் பார்த்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

பூங்குழலி சனி, ஞாயிறு தவறாமல் வருகிறாள். அந்த வகுப்பில் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில்தான் இன்னும் இருக்கிறாள். முதல் பரீட்சையில் பெயில். அர்த்தனாரி தான் சொன்னதையே சொன்னான். அவள் மறுபடி எழுதப் போகிறாள்.

எங்கள் கோயிலிலும் இப்போது மறுபடி கேட்கலாம். பழைய வழக்கம் என்னவாயிற்று என்று பெரியவர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஆத்தாளே மாற்றச் சொல்லிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் படிப்பு என்றால் மட்டும், அப்பன் ஒரு தடவையோடு நிறுத்தினாலும், நான் பொட்டலத்தை மறுபடி கட்டிவிடுகிறேன்.